வடிக்காமல் பொங்குகிற பாஸ்தா: பால் திரியாமல், களியாகாமல்

கேள்வி சுருக்கமாக இதுதான். பெங்களூரில் நான்கு பேர் உள்ள குடும்பம். இரவுச் சாப்பாட்டுக்கு ஒரே பாத்திரத்தில் கிரீம் பாஸ்தா செய்கிறீர்கள். ஒரு நாள் பால் திரிகிறது. இன்னொரு நாள் பாஸ்தா வெளியே குழைந்து நடுவில் வேகாமல் நிற்கிறது. நன்றாக வந்த நாளிலும் மேசைக்கு வருவதற்குள் களி மாதிரி இறுகிவிடுகிறது. மாமனாருக்குக் காரம் வேண்டும், பிள்ளைகளுக்குக் கூடாது. இத்தனைக்கும் நடுவில் குக்கரில் வைத்துவிடலாமா என்று ஒரு கேள்வி.

சாதம் வடிப்பதற்கும் பொங்குவதற்கும் என்ன வித்தியாசமோ அதுதான் இங்கேயும். வடிக்கிற சாதத்துக்குத் தண்ணீர் அளவு பார்ப்பதில்லை. மிச்சம் கஞ்சியோடு போய்விடும். பொங்கும்போது ஊற்றியதெல்லாம் உள்ளேயே தங்கும், அதனால் அளவு தப்பக்கூடாது. பெரிய பாத்திரத்தில் வேகவைத்து வடிகட்டும் பாஸ்தா முதல் வகை. ஒரே பாத்திரத்தில் செய்வது இரண்டாவது. வேகும்போது பாஸ்தாவிலிருந்து வெளியே வருகிற மாவுச்சத்து முழுக்க அந்தத் தண்ணீரிலேயே தங்கிக் கெட்டிப்படுகிறது. அந்தக் கஞ்சிதான் உங்கள் கிரீம். கடையில் வாங்கி ஊற்றுகிற கிரீம் மணத்துக்கும் பளபளப்புக்கும்தான். இதை மறந்துவிட்டு மைதாவை வெண்ணெயில் வறுத்து வொயிட் சாஸும் செய்து இதில் கலந்தால், கஞ்சி மேல் கஞ்சி. இறுகாமல் என்ன செய்யும்?

எனவே மைதா வேண்டாம், கார்ன்ஃப்ளாரும் வேண்டாம். தண்ணீர்க் கணக்கைச் சரி செய்தால் போதும்.

நான்கு பேருக்கு 300 கிராம் பாஸ்தா. நன்றாக வெந்தால் அது தன் எடையைப் போல ஏறக்குறைய 1.3 மடங்கு தண்ணீரைக் குடிக்கும். அதாவது 390 மில்லி. அகலமான கடாயில் பாதி மூடி வைத்துப் பதினாலு நிமிடம் கொதித்தால் 200 மில்லிக்குக் கொஞ்சம் கூடவே ஆவியாகும். சாஸாக மிஞ்ச வேண்டியது ஒரு 300 மில்லி. கூட்டினால் 900 சொச்சம். இதில் 700 மில்லி தண்ணீர், 250 மில்லி பால் என்று பிரித்துக்கொள்ளுங்கள். எட்டுப் பேருக்குச் செய்யும்போது எல்லாவற்றையும் இரட்டிப்பாக்குவதுதான் பலர் செய்கிற தவறு. பாஸ்தா குடிப்பது இரட்டிப்பாகும், பாத்திரத்தின் வாய் அகலம் அதேதான் என்பதால் ஆவியாவது இரட்டிப்பாகாது. 600 கிராமுக்கு 1200 மில்லி தண்ணீரும் 450 மில்லி பாலும் போதும். ஆனால் 500 கிராமுக்கு மேல் ஒரே கடாயில் போட்டால் அடியில் இருப்பது குழைந்து மேலே இருப்பது விறைத்து நிற்கும். இரண்டு பாத்திரமாகச் செய்வதே நல்லது.

பாஸ்தா வாங்கும்போது பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். 'டியூரம் கோதுமை ரவை' (டியூரம் என்பது கடினமான ஒரு கோதுமை வகை) என்று மட்டும் இருந்தால் நல்லது. மைதா கலந்ததும், மளிகைக் கடையில் கிலோ கணக்கில் எடை போட்டுத் தருகிற வெளிறிய மாக்ரோனியும் ஏழெட்டு நிமிடத்தில் வெந்து, பத்தாவது நிமிடம் கரையவே ஆரம்பித்துவிடும். டியூரம் பாஸ்தா தேன் நிறத்தில் கொஞ்சம் கண்ணாடி மாதிரி இருக்கும். புரதம் 100 கிராமுக்கு 12 கிராம் அளவில் இருந்தால் வடிவம் குலையாது. வடிவம் என்றால் குழல் மாதிரி இருக்கும் பென்னே, திருகு மாதிரி இருக்கும் ஃபுசில்லி, சங்கு மாதிரியான குட்டை வகைகள். நீளமான ஸ்பகெட்டி குறைந்த தண்ணீரில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டு கட்டாக நிற்கும். அரைப் பாக்கெட் பென்னே, அரைப் பாக்கெட் ஃபுசில்லி என்று மிச்சத்தையெல்லாம் சேர்த்துப் போடவும் கூடாது. இரண்டுக்கும் வேகும் நேரம் வேறு.

பெங்களூருக்கென்று இரண்டு விஷயம் உண்டு. ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் இங்கே 97 டிகிரியிலேயே கொதிக்கிறது. பாக்கெட்டில் 11 நிமிடம் என்று போட்டிருந்தால் அது நிறையத் தண்ணீரில், 100 டிகிரியில், வடிகட்டும் முறைக்கான கணக்கு. இங்கே, குறைந்த தண்ணீரில், 13 முதல் 14 நிமிடம் ஆகும். சென்னையில் இருக்கும் அக்கா சொன்ன நேரத்தை அப்படியே பின்பற்றினால் நடுவில் கடிபடுவதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று தண்ணீர். குடியிருப்பில் டேங்கர் தண்ணீரோ போர்வெல் தண்ணீரோ வந்தால் அதைப் பாஸ்தாவுக்கு ஊற்றாதீர்கள். வடிக்கிற முறையில் அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள் சிங்க்கில் போய்விடும். இதில் சுண்டச் சுண்ட எல்லாம் தட்டுக்கே வரும், சப்புக் கொட்டினால் ஒரு கரிப்பு தெரியும். குடிக்கிற தண்ணீரையே அளந்து எடுங்கள்.

மற்ற சாமான்கள்: வெண்ணெய் 25 கிராம், எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, பூண்டு ஆறு பல் பொடியாக நறுக்கியது, பெரிய வெங்காயம் ஒன்று, காய்கறி எல்லாம் சேர்த்து 300 கிராம், பிராசஸ்டு சீஸ் இரண்டு கட்டி, அதாவது 50 கிராம், கிரீம் 100 மில்லி, மிளகு, காய்ந்த ஓரிகானோ அரைத் தேக்கரண்டி. உப்பு முதலில் ஒன்றரைத் தேக்கரண்டி. வடிக்கிற பாஸ்தாவுக்குத் தண்ணீர் கடல் மாதிரி உப்புக் கரிக்க வேண்டும் என்று சொல்வதை இங்கே கேட்டுவிடாதீர்கள். போட்ட உப்பில் ஒரு சிட்டிகைகூட வெளியே போகாது, சீஸிலும் உப்பு இருக்கிறது.

பாத்திரம் 26 செ.மீ. அகலம், ஐந்து லிட்டர் கொள்ளளவு, கனமான அடி. மெல்லிய அலுமினியக் கடாயில் பால் சேர்த்த ஐந்தாவது நிமிடம் அடிப்பிடிக்கும்.

இனி அடுப்பு. ஒரு பக்கம் 700 மில்லி தண்ணீரைக் கொதிக்க விடுங்கள். இன்னொரு பக்கம் பாலைத் தனியாக ஒரு சின்னப் பாத்திரத்தில் கொதிக்க வைத்து இறக்குங்கள். ஏற்கெனவே காய்ச்சிய பால் என்றாலும் இதைச் செய்யுங்கள். காலையில் வாங்கிய பாக்கெட் மாலை வரை வெளியே கிடந்திருந்தால் லேசாகப் புளிக்கத் தொடங்கியிருக்கும். பார்த்தாலும் முகர்ந்தாலும் தெரியாது, சூடேறும்போதுதான் காட்டிக்கொடுக்கும். திரிகிற பால் அந்தச் சின்னப் பாத்திரத்திலேயே திரிந்துவிட்டால் 250 மில்லி பாலோடு போச்சு. கடாயில் திரிந்தால் இரவுச் சாப்பாடே போச்சு.

காளான் சேர்ப்பதானால் முதலில் அதை வெறும் சூடான கடாயில் போட்டு, அது தானே தண்ணீர் விட்டு, அந்தத் தண்ணீர் வற்றி, ஓரம் பழுப்பாகும் வரை வதக்கித் தனியே எடுத்து வைக்கவும். பச்சையாகப் போட்டால் கணக்கில் இல்லாத தண்ணீரை விட்டு சாஸை நீர்க்கச் செய்யும். பிறகு வெண்ணெயும் எண்ணெயும் சேர்த்து, வெங்காயத்தைக் கண்ணாடி மாதிரி ஆகும் வரை வதக்கி, பூண்டு போட்டு அரை நிமிடம். பூண்டு சிவந்தால் கசக்கும். ஒரு செ.மீ. துண்டாக நறுக்கிய கேரட், பீன்ஸ் இப்போது போகலாம். குடைமிளகாய், ஸ்வீட் கார்ன், பட்டாணி பால் ஊற்றும்போது. ஹாப்காம்ஸ் என்கிற கூட்டுறவுக் காய்கறிக் கடையில் புரோக்கோலி கிடைத்தால் அதையும் பால் ஊற்றும்போதே போடுங்கள். முதலிலேயே போட்டால் பொடிந்து சாஸ் பச்சையாகிவிடும்.

பாஸ்தாவைப் போட்டு எண்ணெயில் ஒரு புரட்டுப் புரட்டி, கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, உப்புப் போடுங்கள். அடுத்த இரண்டு நிமிடம் அடுப்பை விட்டு நகரக்கூடாது. இந்தச் சமயத்தில்தான் பாஸ்தாவின் மேற்பரப்பில் மாவுச்சத்து பசையாகும். கிளறாமல் விட்டால் பென்னே இரண்டிரண்டாக ஒட்டி அடியிலும் பிடிக்கும். அதற்குப் பிறகு இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அடியைத் தொட்டுக் கிளறினால் போதும். மூடியைப் பாதி திறந்து வையுங்கள். தீ நடுத்தரமாக, குமிழ் விட்டுக் கொதிக்கிற அளவு. பயந்து ஆரம்பத்திலேயே சிம்மில் வைத்தால் பாஸ்தா வேகாமல் ஊறிக்கொண்டே இருக்கும். வெளியே குழைந்து நடுவில் விறைப்பாக வருவது பெரும்பாலும் இதனால்தான்.

ஒன்பதாவது நிமிடம் ஒரு பென்னேயை எடுத்து இரண்டாக வெட்டிப் பாருங்கள். வெட்டிய விளிம்பில், சுவரின் நடுவில், சாக்பீஸ் கோடு மாதிரி ஒரு வெள்ளை வளையம் தெரியும். அது இன்னும் தண்ணீர் சேராத மாவு. அந்த வளையம் நூல் மாதிரி மெல்லிசாகும்போது பால் ஊற்ற வேண்டிய நேரம். தண்ணீர் அப்போது பாஸ்தாவின் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இறங்கி, கலங்கிய கஞ்சியாக இருக்கும். வளையம் தடிமனாக இருக்க, தண்ணீர் வற்றிவிட்டது என்றால் 100 மில்லி கொதிநீர் ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீர் வேண்டாம், கொதி அடங்கிவிடும்.

காய்ச்சிய பாலைச் சூடாகவே ஊற்றித் தீயை சிம்முக்குக் குறைத்து, நான்கு நிமிடம் விடாமல் கிளறுங்கள். பாலை ஏன் ஆரம்பத்திலேயே ஊற்றக்கூடாது? பாலின் புரதம் அடியில் படிந்து பிடிக்கும், பொங்கி வழியும், பால் கெட்டியாகக் கெட்டியாகப் பாஸ்தா வேகும் வேகமும் குறையும். கடைசியில் சேர்க்கும்போது இன்னொரு லாபமும் உண்டு. தண்ணீரில் ஏற்கெனவே மாவுச்சத்து கரைந்திருப்பதால் பால் புரதம் ஒன்றோடொன்று சேர்ந்து திரள்வதை அது தடுக்கிறது. வெறும் வெந்நீரில் திரியக்கூடிய பால் கஞ்சியில் தாக்குப்பிடிக்கும்.

திரிவதைப் பற்றி இங்கேயே முழுதாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் கேள்வியின் பாதி அதுதான். பாலின் பி.எச்., அதாவது புளிப்பைக் காட்டும் அளவு, 6.7 அளவில் இருக்கும்; எண் இறங்க இறங்கப் புளிப்பு கூடும். 4.6-க்கு இறங்கினால் கேசின் என்கிற பால் புரதம் கொதிக்காத பாலிலேயே திரளும், தயிர் உறைவது அப்படித்தான். கொதிக்கிற பாலில் அவ்வளவு இறங்கக் காத்திருக்காது, வெகு முன்பே பிரிந்துவிடும். நீங்கள் தக்காளி சேர்க்கிறீர்கள் என்றால் காரணம் அங்கே இருக்கிறது. தக்காளி வேண்டுமென்றால் புளிப்பான நாட்டித் தக்காளியைத் தவிர்த்து, நீள்வட்டமான ஹைப்ரிட் வகையை எடுங்கள். சென்னைச் சந்தையில் அதற்குப் பெயரே பெங்களூர்த் தக்காளி! இரண்டை அரைத்து, வெங்காயத்தோடு எண்ணெய் பிரியும் வரை வதக்கிவிட்டுப் பிறகு பாஸ்தாவைப் போடுங்கள். அப்படிச் செய்யும் நாளில் பாலை விட்டுவிட்டு 900 மில்லி தண்ணீரும், அடுப்பை அணைத்த பிறகு 150 மில்லி கிரீமும் என்று மாற்றிக்கொள்ளுங்கள். கிரீமில் கொழுப்பு அதிகம், புரதம் குறைவு, அதனால் புளிப்பைத் தாங்கும். கெட்சப்பில் வினிகர் இருக்கிறது. பிள்ளைகள் கேட்டால் தட்டில் ஊற்றிக்கொள்ளட்டும். பாஸ்தா மசாலாப் பொட்டலத்தைப் பால் கொதிக்கும்போது கொட்டும் வழக்கம் இருந்தால் அதன் பின்பக்கத்தையும் படியுங்கள், சிலவற்றில் சிட்ரிக் அமிலம் இருக்கும். எலுமிச்சை பிழிய ஆசை என்றால் பரிமாறும்போது மட்டும்.

எந்தப் பால்? நந்தினி நீல பாக்கெட் டோன்டு பால், 3% கொழுப்பு. அது போதும், கஞ்சி மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். 6% கொழுப்புள்ள பால் என்றால் கிரீமை விட்டுவிடலாம். கிரீம் வாங்கினால் 25% கொழுப்புள்ள சாதாரண ஃப்ரெஷ் கிரீம். கேக்குக்கு அடிக்கிற விப்பிங் கிரீம் வேண்டவே வேண்டாம். அதில் பல வகைகளில் சர்க்கரை சேர்ந்திருக்கும், ஒரு கரண்டியில் பாஸ்தா பாயசமாகிவிடும். வீட்டில் சேர்த்த பாலாடையும் சரிதான். மிக்ஸியில் இரண்டு முறை மட்டும் விட்டு விட்டு அடியுங்கள். மூன்றாவது முறை அது வெண்ணெயாகத் திரண்டுவிடக்கூடும்.

சீஸ் விஷயத்தில் ஒரு கருத்து உண்டு, சமையல் வித்தகர்கள் முகம் சுளித்தாலும் பரவாயில்லை: இந்தப் பாஸ்தாவுக்கு நம் ஊர் பிராசஸ்டு சீஸ்தான் உத்தமம். அதில் சேர்க்கப்படும் சிட்ரேட், பாஸ்பேட் வகை உப்புகள் கொழுப்பையும் புரதத்தையும் பிரியவிடாமல் பிடித்து வைக்கும், அதனால் சாஸ் வழுவழுப்பாக உருகும். மொசரெல்லா நூல் நூலாக இழுத்துக் கரண்டியில் உருண்டையாகச் சுற்றிக்கொள்ளும். பீட்சாவில் அது அழகு, இங்கே தொல்லை. துருவி, அடுப்பை அணைத்த பிறகு, இரண்டு மூன்று தவணையாகத் தூவிக் கிளறுங்கள். பிறகு கிரீம், மிளகு, ஓரிகானோ, எடுத்து வைத்த காளான். உப்பைக் கடைசியில்தான் சரிபார்க்க வேண்டும்.

எப்போது அணைப்பது என்பதில்தான் களியும் கிரீமும் பிரிகின்றன. தயிர் சாதம் பிசைந்து டிபன் பாக்ஸில் கட்டும்போது பாலைத் தாராளமாக விட்டுத் தளரப் பிசைவோம். மதியத்துக்குள் சோறு அதை இழுத்துக்கொள்ளும் என்று தெரியும். பாஸ்தாவும் அதே ஜாதி. அடுப்பை அணைத்த பிறகும் பத்து நிமிடம் தண்ணீரை இழுக்கும், ஆறும்போது மாவுச்சத்து தானே இறுகும். ஆகவே கடாயில் பார்க்கும்போது 'ஐயோ, தண்ணியா இருக்கே' என்று தோன்றுகிற பதத்தில் அணைக்க வேண்டும். கரண்டியால் அடியில் ஒரு கோடு இழுங்கள். கோடு உடனே மூடிக்கொண்டால் இன்னும் ஒரு நிமிடம். இரண்டு விநாடி நின்று மெல்ல மூடினால் அணைத்துவிடுங்கள். மூடாமல் அப்படியே நின்றால் தாண்டிவிட்டீர்கள், 50 மில்லி சூடான பால் ஊற்றிக் கிளறுங்கள். அணைத்த பிறகு மூடி ஐந்து நிமிடம் வைத்துப் பரிமாறினால் கரண்டியில் தளதளவென்று விழும்.

வீட்டில் ஒருவர் சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்றால் அவர் பங்கைப் பால் ஊற்றும் முன்பே ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுங்கள். வந்த பிறகு 80 மில்லி பாலும் கொஞ்சம் சீஸும் சேர்த்து மூன்று நிமிடம் சூடாக்கினால் புதிதாகச் செய்தது போலவே இருக்கும். முழுதாகச் செய்து மூடி வைத்தது ஒன்பதரை மணிக்கு அப்படி இருக்காது.

மாமனாருக்கு: கடாயில் காரம் வேண்டாம். ஒரு தாளிப்புக் கரண்டியில் இரண்டு தேக்கரண்டி எண்ணெய், தட்டிய பூண்டு இரண்டு பல், ஒன்றிரண்டாகப் பொடித்த வரமிளகாய் இரண்டு. பூண்டு பொன்னிறமானதும் அணைத்து, அவர் தட்டில் மேலே ஊற்றுங்கள். ரசத்துக்குத் தாளிப்பதுபோல மணம் எழும்பும், பாஸ்தாவை ஒதுக்குகிறவர்களும் இரண்டாம் முறை கேட்பார்கள். மிளகாய்த்தூளைக் கிரீமில் கலந்தால் பச்சை வாடை போகாது, நிறமும் செங்கல் பொடி மாதிரி ஆகும்.

குக்கரில் செய்யலாம், ஆனால் பாலும் சீஸும் உள்ளே போகக்கூடாது, பாத்திரம் பாதிக்கு மேல் நிரம்பக்கூடாது. பாஸ்தா நுரைக்கும். அந்த நுரை வெயிட் வால்வின் துளைக்குள் ஏறி அடைத்தால் ஆபத்து. 300 கிராமுக்கு ஐந்து லிட்டர் குக்கர், 600 மில்லி தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் (நுரையை அடக்க). பெரிய தீயில் ஒரே விசில், உடனே அணைத்து மூன்று நிமிடம் கழித்து வெயிட்டைக் கரண்டிக் காம்பால் சிறிது சிறிதாகத் தூக்கி ஆவியை விடுங்கள். ஆவியோடு நுரை வந்தால் விட்டுவிட்டு இன்னும் ஒரு நிமிடம் பொறுங்கள். திறந்து, சூடான பால் சேர்த்து, சிம்மில் இரண்டு மூன்று நிமிடம். நேரம் பெரிதாக மிச்சமாகாது. விசில் வர ஒரு குக்கருக்கு நான்கு நிமிடம், இன்னொன்றுக்கு ஏழு நிமிடம், அதனால் பதமும் நாளுக்கொன்றாக இருக்கும். கடாயே மேல்.

கெட்டுப்போனதைச் சரிசெய்ய: லேசாகத் திரிந்திருந்தால் உடனே அணைத்து, ஒரு தேக்கரண்டி கார்ன்ஃப்ளாரை இரண்டு மேசைக்கரண்டி குளிர்ந்த பாலில் கரைத்து ஊற்றி, சீஸ் ஒரு கட்டி கூடுதலாகச் சேர்த்துச் சிம்மில் கிளறினால் பெரும்பாலும் சேர்ந்துவிடும். கட்டி கட்டியாகத் திரிந்தது திரும்பாது. மிளகாயும் கொத்தமல்லியும் தூவி 'பனீர் பாஸ்தா' என்று பெயர் மாற்றிவிடுங்கள், ருசிக்குக் குறைவில்லை. அடிப்பிடித்துவிட்டால் சுரண்டவோ கிளறவோ வேண்டாம். மேலே உள்ளதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். உப்பு கூடினால் உருளைக்கிழங்கைப் போட்டு எடுப்பதால் ஒன்றும் ஆகாது. உப்பில்லாமல் வேகவைத்த 50 கிராம் பாஸ்தாவும் கொஞ்சம் பாலும் சேர்த்து அளவைக் கூட்டுவதுதான் வழி.

மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாளுக்குள் முடித்துவிடுங்கள். சூடாக்கும்போது ஒரு கிண்ணத்துக்கு மூன்று மேசைக்கரண்டி பால், சிறு தீ. மைக்ரோவேவ் என்றால் பாதிச் சக்தியில், நடுவில் ஒருமுறை கிளறி. பாலில்லாமல் சூடாக்கினால் எண்ணெய் தனியே பிரிந்து நிற்கும்.

கடாயைக் கழுவ வெந்நீர் ஊற்றாதீர்கள். பாலும் மாவும் இன்னும் இறுகிப் பிடித்துக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவிட்டால் தேங்காய் நாருக்கே வேலை இல்லாமல் வழித்துக்கொண்டு வரும்.